மூச்சுக்கு என்ன விலை?

"நடந்தா நெஞ்சு இரைக்குது. நடக்காட்டி சர்க்கரை ஏறுது. ரெண்டுல எது பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க, தம்பி!"

கேட்டவர் திருவொற்றியூர்த் தோழர் ஒருவர். வயது ஐம்பத்து நான்கு. பட்டறையிலே பிட்டர் வேலை. முப்பது ஆண்டுகளாக இரும்போடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன கைகள். கூட்டம் என்றால் கொடி கட்ட முதல் ஆளாக வருபவர்; கூட்டம் கலைந்தால் பெஞ்சு தூக்கக் கடைசி ஆளாக நிற்பவர். மேடையிலே மூன்று மணி நேரம் முழங்கிப் பழகிய நமது நாக்கு, அவர் கேட்ட கேள்விக்கு மூன்று விநாடி கூட அசையவில்லை.

விஷயம் இதுதான். தோழருக்குச் சர்க்கரை வியாதி கண்டது. அரசு மருத்துவமனை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், பெரியவரே" என்றும் சொன்னார். தோழருக்கு மகிழ்ச்சி. நடைக்குக் காசு வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், சீட்டு வாங்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஷிப்டு. ஆகவே ஐந்து மணிக்கு நடை. எண்ணூர் விரைவுச் சாலையிலே போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், டீக்கடையிலே ஐந்து நிமிடம். மூன்று மாதத்திலே சர்க்கரை இறங்கிற்று. டாக்டர் தட்டிக் கொடுத்தார். மார்கழி பிறந்தது. இருமல் வந்தது. அதன் பின்னால் நெஞ்சுக்குள்ளே ஒரு விசில் வந்தது. மாடிப்படி ஏறினால் இரைப்பு. பீடியோ சிகரெட்டோ வாழ்நாளில் தொடாத மனிதர்!

அவரோடு ஒரு நாள் விடியலில் நாமும் நடந்தோம். இருள் பிரியவில்லை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கண்டெய்னர் லாரிகள், ஒன்றன் பின் ஒன்றாக, எஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டு. ஒரு லாரி பத்தடி நகரும், கரும்புகை ஒரு கொத்தாக விழும், நிற்கும். அடுத்த லாரி பத்தடி நகரும். அந்தப் புகை மேலே போகவில்லை. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நடுவே தோழர், கையை வீசிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி போகிறார். எதை இழுக்கிறார்? ஐயா, எதை இழுக்கிறார்?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நாம் புத்தகங்களைப் புரட்டப் புகுந்தோம். படித்த டாக்டர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதைத் தோழர்களுக்குச் சொல்வது கடமை.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒரு நிமிடத்தில் இழுத்து விடும் காற்று ஏறத்தாழ 6 லிட்டர். விரைந்து நடந்தால் அது மூன்று நான்கு மடங்காகும். மூச்சிரைக்க ஓடினால் பத்து மடங்கையும் தாண்டும். காற்று மட்டுமா மடங்காகிறது? காற்றோடு வரும் கசடும் மடங்காகிறது. இன்னொன்றும் உண்டு. சும்மா இருக்கையில் மூக்கால் மூச்சு விடுகிறோம். மூக்கிலே மயிர் உண்டு, ஈரம் உண்டு. பெரிய தூசியைப் பிடித்து நிறுத்தும் காவற்காரன் உண்டு. வேகம் கூடக் கூட வாய் திறந்துகொள்கிறது. வாயிலே காவற்காரன் இல்லை. மூச்சு ஆழமாகப் போகிறது. ஆழமாகப் போவதோடு கசடும் அடிவரை போகிறது.

அந்தக் கசடு எப்படிப்பட்டது? கண்ணுக்குத் தெரியும் தூசி அல்ல நாம் சொல்வது. கண்ணுக்குத் தெரியும் எதிரியை இருமியோ தும்மியோ விரட்டலாம். பி.எம். 2.5 என்று ஒரு பெயர் இப்போது செய்தித்தாள்களில் அடிபடுகிறதே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள். தலைமயிர் ஒன்றின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. டீசல் எரியும்போது, நிலக்கரி எரியும்போது, குப்பை எரியும்போது பிறப்பது. மூக்கைக் கடந்து, தொண்டையைக் கடந்து, நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றுப் பைகள் வரை போய்த் தங்குகிறது. அங்கே வேக்காடு உண்டாக்குகிறது. அதிலும் மிகச் சிறியவை இரத்தத்திலேயே கலந்து விடுகின்றன. ஆகவே கேடு நெஞ்சிரைப்போடு நிற்பதில்லை. இரத்தம் கட்டியாகும் தன்மை கூடுகிறது; மாரடைப்பு, பக்கவாதம் என்ற கதவுகளையும் அது தட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை புற்றுநோய் தரும் என்று 2012-ல் அறிவித்தது. அடுத்த ஆண்டே, வெளிக்காற்றின் மாசு முழுவதுமே புற்றுநோய் தரும் பொருள் என்று முத்திரை குத்திற்று. வெளிக்காற்று மாசினால் மட்டும் 2019-ல் உலகெங்கும் அகால மரணம் அடைந்தோர் 42 இலட்சம் பேர் என்பதும் அந்த நிறுவனம் தரும் கணக்கு.

"ஆகா! அப்படியானால் நடையே ஆகாது, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம்" என்று சோம்பேறித் தம்பிகள் சிலர் துள்ளிக் குதிப்பது நமக்குத் தெரிகிறது. குதிக்க வேண்டாம், தம்பிகளே! அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் கூடி 2016-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு தட்டில் நடையாலும் சைக்கிளாலும் வரும் நன்மை. மறு தட்டில் அப்போது உள்ளே போகும் மாசின் தீமை. எந்த இடத்தில் தராசு சாய்கிறது என்று பார்த்தார்கள். உலக நகரங்களின் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 22 மைக்ரோகிராம் நுண்துகள். அந்த அளவில், எவ்வளவு நடந்தாலும் ஏறத்தாழ நன்மையே கனக்கிறது. 100 மைக்ரோகிராம் இருக்கும் ஊரில், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தால் தீமை மிஞ்சுகிறது. நடை என்றால், பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் தீமை மிஞ்சுகிறது.

பத்து மணி நேரம்! இந்த எண்ணைத் தோழர்கள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவிழ்ப்போம்.

ஆகவே முக்கால் மணி நேர நடையை அஞ்சி விட்டுவிடுவது மடமை. ஆனால் அந்தக் கணக்கு ஊர் முழுவதற்குமான சராசரிக் கணக்கு. சராசரி மனிதன் என்று ஒருவன் எந்தத் தெருவிலும் இல்லை. இரைப்பு உள்ளவன் இருக்கிறான், நெஞ்சு வலி கண்டவன் இருக்கிறான், அறுபதைத் தாண்டியவன் இருக்கிறான். இவர்களுக்கு என்ன? இலண்டன் டாக்டர்கள் ஒரு சோதனை செய்து 2017-ன் கடைசியில் வெளியிட்டார்கள். அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 119 பேர். சிலர் நலமுடன் இருப்பவர், சிலர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள், சிலர் இருதய நோயாளிகள். ஒரு நாள் அவர்களை ஹைடு பூங்காவிலே இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள்; வேறொரு நாள், பஸ்ஸும் டாக்சியும் டீசல் புகை கக்கும் ஆக்ஸ்போர்டு தெருவிலே இரண்டு மணி நேரம். பூங்காவில் நடந்தபோது நுரையீரலின் திறன் கூடிற்று. இரத்தக் குழாய்களின் விறைப்பு தளர்ந்தது. அந்தப் பலன் மணிக்கணக்கில் நீடித்தது. தெருவில் நடந்தபோது? அதே கால், அதே இரண்டு மணி நேரம், அதே வியர்வை. நலமானவருக்கே பலன் பெரும்பாலும் பறிபோயிற்று. நுரையீரல் நோயாளிக்கோ இருமலும் இரைப்பும் கூடின.

நடை ஒன்றுதான்; நடக்கும் இடம் வேறு. நம் திருவொற்றியூர்த் தோழரின் நெஞ்சிலே கேட்ட விசிலுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

பிள்ளைகள் கதை இன்னும் கொடுமை. தெற்குக் கலிபோர்னியாவில் பன்னிரண்டு ஊர்களில், ஆஸ்துமா இல்லாத 3,535 பிள்ளைகளை ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவைச் சொன்னார்கள். ஓசோன் மாசு மிகுந்த ஊர்களில், மூன்றும் அதற்கு மேலும் விளையாட்டுகளில் ஈடுபட்ட பிள்ளைகளுக்கு, விளையாடாத பிள்ளைகளைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்துமா கண்டது. ஓசோன் குறைந்த ஊர்களில் அப்படி எதுவும் இல்லை. துடிப்பான பிள்ளைக்குத் தண்டனை! பந்தைத் துரத்திய குற்றத்துக்கு, வாழ்நாள் முழுவதும் இழுப்பு! ஓசோன் என்பது புகைபோக்கியிலிருந்து நேரே வருவது அல்ல. வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயிலோடு கூடிச் சமைக்கும் நஞ்சு. ஆகவேதான் கோடையின் உச்சி வெயிலில் பள்ளி விளையாட்டுப் போட்டி நடத்துவோரைக் கண்டால் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலையிலோ பொழுது சாய்ந்தோ நடத்தினால் கோப்பை கருத்துவிடுமா?

பெரிய மனிதர்களின் மூச்சு திணறினால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. 2017 டிசம்பர் 3, தில்லியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் டெஸ்ட் ஆட்டம். இலங்கை வீரர்கள் மூக்கிலும் வாயிலும் மூடி கட்டிக்கொண்டு களத்தில் நின்றார்கள். பந்து வீசியவர்கள் மூச்சுத் திணறி வெளியேறினார்கள். ஆட்டம் நின்றது, தொடங்கிற்று, மறுபடி நின்றது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. சரிதான், போடட்டும். அதே நாளில், அதே காற்றில், மைதானத்துக்கு வெளியே வண்டியில் வேர்க்கடலை விற்றவன் மூடி கட்டியிருந்தானா? ரிக்ஷா மிதித்தவன் எத்தனை முறை இளைப்பாறப் பெவிலியனுக்குத் திரும்பினான்? அவன் படம் எந்தப் பத்திரிகையில் வந்தது?

அதற்கும் முன்னே, 2008-ல் பீக்கிங் ஒலிம்பிக். அன்றைக்கு மாரத்தான் ஓட்டத்தில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்தவர் எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரசெலாசி. ஆஸ்துமா உள்ளவர். "இந்த நகரத்தின் காற்றில் நான் மாரத்தான் ஓடமாட்டேன்" என்ற கருத்துப்பட அறிவித்து விலகிக்கொண்டார். சீன அரசுக்குச் சுருக்கென்றது. விருந்தாளி வரும் நேரம் அல்லவா! கார்களை ஒற்றைப்படை எண்ணுக்கு ஒரு நாள், இரட்டைப்படை எண்ணுக்கு ஒரு நாள் என்று பாதியாக்கிற்று. ஆலைகள் பலவற்றை மூடிற்று. கட்டட வேலைகளை நிறுத்திற்று. காற்று தெளிந்தது. அந்த நாட்களில் 125 இளம் டாக்டர்களின் இரத்தத்தை முன்னும் பின்னும் நடுவிலும் எடுத்துச் சோதித்தார்கள். முடிவை 2012-ல் வெளியிட்டார்கள். காற்று தெளிந்தபோது, வேக்காட்டையும் இரத்தக் கட்டியையும் காட்டும் அறிகுறிகள் சில குறைந்தன. ஒலிம்பிக் முடிந்தது, விருந்தாளி விமானம் ஏறினான், தடைகள் தளர்ந்தன, புகை திரும்பிற்று. இரத்தத்தின் அறிகுறிகள் பலவும் பழைய இடத்தை நோக்கித் திரும்பின.

நோய் இல்லாத இளைஞர்கள் இவர்கள்! புகையைக் குறைத்தால் உடம்பு சில வாரத்திலேயே நன்றி சொல்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? அதைவிட முக்கியமாக, அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? ஓடிப் பரிசு வாங்க வந்தவனுக்காக இரண்டு மாதம் சுத்தமான காற்று கொடுக்க முடியுமாம். அங்கேயே பிறந்து அங்கேயே சாகிறவனுக்குக் கொடுக்க முடியாதாம். (பின்னாளில் சீனா விழித்துக்கொண்டு 2013 முதல் காற்றைத் தெளிய வைக்கும் திட்டத்தை வேகமாக நடத்திற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லதை மறைப்பது நமக்கு வழக்கமில்லை.)

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னை தில்லி அல்ல. கடல் நமக்குக் கொடுத்த கொடை பெரிது. ஆனால் வட சென்னைக்காரனுக்கு அந்தப் பேச்சு காதில் ஏறாது. அவன் வீட்டு வாசலில் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், துறைமுக லாரி, கொடுங்கையூர்க் குப்பை மேடு. 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் நிலைமை முற்றிய 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது அதிலே மணலியும் இருந்தது. வேலூர், கடலூர், கோவைப் பகுதிகளும் இருந்தன. ஆக இது பட்டணத்துக் கதை மட்டும் அல்ல, வெளியூர்த் தோழர்களே.

அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வரம்பு கட்டிற்று. இந்திய அரசு 2009-ல் வகுத்த வரம்பு 40. எட்டு மடங்கு! இந்தியனின் நுரையீரல் இரும்பால் செய்தது என்று எண்ணினார்கள் போலும்.

இப்போது நடையின் நேரத்தைப் பற்றி. விடியற்காலைக் காற்று அமுதம் என்று பாட்டி சொன்னாள், வாத்தியார் சொன்னார், நாமும் நம்பினோம். வண்டியும் ஆலையும் இல்லாத கிராமத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். நகரத்தில், அதுவும் பனிக்காலத்தில், விடியல்தான் மோசம். காரணம் கேளுங்கள். பகலில் தரை சுடுகிறது. சூடான காற்று மேலே எழும். புகையும் அதோடு ஏறிக் கலைந்து போகும். இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது. அதன் மேலே வெதுவெதுப்பான காற்று ஒன்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. இட்லிக் குண்டான் கண்டதில்லையா? அதுதான். இரவு முழுவதும் கக்கிய புகை வெளியேற வழியின்றி மூடிக்குள் கிடக்கும். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் மூடி கழலும். நாம் அந்த விடியலில் கண்ட, தரையோடு படுத்துக் கிடந்த புகை இதுதான்.

திருவொற்றியூருக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. இரவிலும் விடியலிலும் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நிலத்துப் பக்கம் என்ன இருக்கிறது? மேற்கே மணலி! ஐந்து மணிக்குத் தோழர் இழுத்த மூச்சில் லாரி மட்டும் இல்லை, ஆலையும் இருந்தது. பிற்பகலிலே காற்று திரும்புகிறது. கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது.

போகியைச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். பழையதை எரிக்கிறோம் என்று பழைய டயரை எரிக்கிறார்கள். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. இயந்திரப் பறவையே இறங்க மறுத்த அந்தப் புகையில், வழக்கத்தை விடக்கூடாது என்று நடைக்குக் கிளம்பிய நண்பர்களை நாம் அறிவோம்! தீபாவளி இரவுக்கு மறுநாள் காலையும் அப்படித்தான். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கையைக் காலை ஆட்டுங்கள்; ஒரு நாளில் தொந்தி வந்துவிடாது. பெருஞ்சாலையை விட்டு இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி நடப்பதே பெரிய வேறுபாடு. சாலையின் விளிம்பில் இருக்கும் புகை நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போகப்போக வெகுவாகக் குறைந்துவிடும். துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் நுண்துகள் நிற்காது, அது பெரிய தூசிக்குத்தான். நெஞ்சு இரைத்தால் மருந்துக்கடைக்காரரிடம் சிரப் வாங்காமல் டாக்டரிடம் போய் ஊதிக் காட்டுங்கள். இழுப்பானுக்கு வெட்கப்படும் தோழர்கள் நம்மில் அதிகம்.

இவ்வளவும் நடக்கப் போகிறவனுக்கு. அதாவது, நடப்பதா வேண்டாமா, எங்கே, எப்போது என்று தானே முடிவு செய்யக்கூடிய மனிதனுக்கு. முடிச்சுப் போட்டு வைத்த எண்ணை இப்போது அவிழ்க்கலாம். பத்து மணி நேரம்! நல்ல காற்று கெட்ட காற்று பார்க்காமல் நாளெல்லாம் தெருவில் உடம்பை வருத்துகிறவன் யார்? துறைமுகச் சாலையில் மூட்டை ஏற்றுகிறவன். மூன்று சக்கர வண்டி மிதிக்கிறவன். விடியுமுன் தெருக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளி, தூசியை எழுப்புவதே தொழிலாக வாய்த்தவள். சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர். கொத்தனார், சித்தாள். பை முதுகில் ஏற்றிச் சைக்கிளில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன். மாசுக் காற்றில் உடற்பயிற்சி செய்யலாமா என்று அறிஞர்கள் கேட்கிறார்கள். இவர்கள் காலமெல்லாம் அதைத்தானே செய்கிறார்கள்! இவர்கள் மூச்சும் நாலு மடங்கு, ஐந்து மடங்கு. வாயும் திறந்தபடி. ஆனால் அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் இல்லை. கூலி வேலை என்று பெயர்.

2015-ல் இந்திய அரசு காற்றுத் தரக் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆறு நிறம், ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கை. கடைசிப் படியான 401-க்கு மேல் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இலேசான உடலுழைப்பின்போதே உடல்நலக் கேடு தெரியலாம் என்று. இலேசான உழைப்புக்கே அப்படி! செங்கல் சுமக்கிறவளுக்கு என்ன எழுதியிருக்கிறது? ஒன்றும் இல்லை. அவளுக்கு நிறம் கிடையாது.

வேலையை நிறுத்து என்று சொல்லிவிட்டால் போதுமா? தில்லியில் சொன்னார்கள். காற்று கெட்ட நாட்களில் கட்டட வேலைக்குத் தடை. தடை சரி. அன்றாடங்காய்ச்சியின் அடுப்பு? புகையால் செத்தால் பத்தாண்டு கழித்துச் சாவான். கூலியில்லாமல் போனால் பத்து நாளில் பட்டினி. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தலையிட்டு, தடை உள்ள காலத்துக்குக் கட்டடத் தொழிலாளிகளின் நலனுக்கென்று வசூலித்த தீர்வைப் பணத்திலிருந்தே பிழைப்புத் தொகை கொடுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டியிலே பணம் இருந்தது, தோழர்களே! தொழிலாளியின் பெயரால் வசூலித்த பணம். அதைத் தொழிலாளிக்குக் கொடுக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

நம் கிளைத் தோழர்கள் எடுத்துப் பேச வேண்டியவை இங்கே இருக்கின்றன. காற்று அளக்கும் நிலையங்கள் மணலியிலும் கொடுங்கையூரிலும் இராயபுரத்திலும் வைத்திருக்கிறார்கள். அந்த எண் கம்ப்யூட்டருக்குள் இருந்து யாருக்கு இலாபம்? பஸ் நிலையத்திலும் ஆலை வாசலிலும் ரேஷன் கடையிலும் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிப் போடட்டும். நிற்கிற லாரி எஞ்சினை அணைக்கட்டும். வரிசையைச் சாலையில் நிறுத்தாமல், குடியிருப்பை விட்டுத் தள்ளி நிறுத்த இடம் ஒதுக்கட்டும். மாநகராட்சிப் பள்ளி மைதானங்களின் கதவைக் காலையிலும் மாலையிலும் ஊராருக்குத் திறந்து வைக்கட்டும். தென் சென்னையில் நடப்போருக்கு மரம் அடர்ந்த சாலை உண்டு, பூங்கா உண்டு. வட சென்னையில் பிறந்தவனும் அதே மூக்கோடுதான் பிறந்தான். இலண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தபோது, ஆண்டவர்கள் முதலில் சளிக்காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார்கள். மக்கள் விடவில்லை. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. சட்டம் வானத்திலிருந்து விழவில்லை.

திருவொற்றியூர்த் தோழருக்கு நாம் பதில் சொன்னோமா என்று கேட்பீர்கள். சொன்னோம். "நடையை விடாதீங்க அண்ணே. நேரத்தை மாத்துங்க. ஷிப்டு மூன்றரைக்கு முடியுது. ஐந்து மணிக்கு நடங்க. கடல் காத்து அடிக்கும். லாரி போற பக்கம் வேண்டாம். சாலைக்குக் கிழக்கே, கல் கொட்டிய பக்கமா நடங்க. புகை உங்களைத் தாண்டி மேற்கே போயிடும்." டாக்டரையும் பார்த்தார், இழுப்பான் கொடுத்தார் அவர். ஒரு மாதம் கழித்துச் சந்தித்தோம். விசில் அடங்கியிருந்தது. சர்க்கரையும் ஏறவில்லை. நமக்குப் பெருமை பிடிபடவில்லை. கிளைக் கூட்டத்திலேயே இந்தக் கதையைச் சொல்லி, காற்று திரும்பும் கணக்கையும் விளக்கினோம். கை தட்டினார்கள்.

பின் வரிசையில் மணலித் தோழர் ஒருவர் எழுந்தார்.

"அண்ணே! காலையில எங்க பக்கத்துப் புகை உங்க பக்கம் வருது, சரி. சாயங்காலம் உங்க லாரிப் புகை எங்க பக்கம் வருது. ஆலை நடுவுல இருக்கு. எங்களை எந்தப் பக்கமா நடக்கச் சொல்றீங்க?"